கல்லூரி மாணவர்களும் இசைப் போட்டிகளும்

(புதுதில்லி லோதி ரோட்டில், கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தலைநகரின் லோதி ரோட்டிற்குப் பல முகங்கள் உண்டு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட சையது, லோதி மரபினரின் கல்லறைகள் நிற்கும் பூங்கா இதன் ஓரத்தில் உள்ளது. மத்திய அரசின் அலுவலகத் தொகுதியும் இதே சாலையில்தான் இருக்கிறது. 1962இல் திறக்கப்பெற்ற இந்தியா சர்வதேச மையமும், 1993இல் எழுந்த இந்தியா ஹாபிடாட் மையமும் இப்பகுதிக்குக் கலை, அறிவு மன்றங்களின் தன்மையை அளித்துள்ளன. சற்று உள்ளே சென்றால், ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அரசு ஊழியர்களுக்கெனக் கட்டப்பட்ட லோதி காலனிக் குடியிருப்புகள். லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடைபெற்று வருகிறது. தலைநகருக்கு வந்து சேர்ந்த சென்னை மாகாண ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கப்பெற்ற முயற்சியின் விளைவு அது.

அலுவல் நிமித்தமாகத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் தமிழை மட்டும் கொண்டுவரவில்லை. சரளி வரிசையையும் கீர்த்தனையையும் கொண்டுவந்தன. அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளுள் ஒன்றில், மாலை வேளையில் சுருதிப் பெட்டியின் முன் அமர்ந்து பாடம் கற்ற பிள்ளைகள் வளர்ந்து கல்லூரியில் சேருகின்றனர். அங்கே அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பைக் காண்கின்றனர்: பல்கலைக்கழக இளைஞர் விழா; சாஸ்திரீய வாய்ப்பாட்டுப் போட்டி; பெயர் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம்.

இவ்வறிவிப்பைக் கண்டு பெயர் கொடுக்கும் மாணவர் எதனுள் நுழைகிறார், அவருக்கு அதனால் விளையும் பயன் யாது, அவர் பொருட்டு நிறுவனங்களும் அரசும் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

அவையிலிருந்து அரங்கிற்கு

இசையில் போட்டி என்பது புதிய வழக்கமன்று. தஞ்சை அரசவைக்கு வந்து அறைகூவல் விடுத்த பொப்பிலி கேசவய்யா என்னும் வித்துவானைச் சியாமா சாஸ்திரிகள் (1762–1827) லய நுட்பத்தால் வென்றார் என்பது இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அது முழுதும் வரலாறுதானா என்பது ஒருபுறமிருக்க, அக்கதை காட்டும் சூழ்நிலை உண்மையானது. அன்று வித்துவானின் தகுதியை அளந்தவர் அரசர். அவருக்கு வாழ்வளித்தவரும் அரசரே. அவைக்குள் நுழைய ஒரு குருவின் பெயரோ, குடும்பத்தின் பெயரோ, ஆதரவாளர் ஒருவரின் பரிந்துரையோ வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறலாயிற்று. 1901இல் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவினார். 1916இல் பரோடாவில் வி. நா. பாத்கண்டேயின் முயற்சியால் அகில இந்திய இசை மாநாடு கூடியது. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாசபையையொட்டிக் கூடிய இசை மாநாட்டின் பயனாக 1928இல் சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது. 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உருப்பெற்றது. குருவின் வீட்டுத் திண்ணையில் மட்டுமே கிடைத்துவந்த கல்வி, கட்டணம் செலுத்திச் சேரக்கூடிய பொதுக் கல்வியாக விரிந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1960இல் இசைப் புலம் தொடங்கப்பெற்றது. இந்துஸ்தானி இசையுடன் கர்நாடக இசையும் அங்கே பாடமாயிற்று. வயலின் மேதை டி. என். கிருஷ்ணன் அப்புலத்தின் தலைவராகப் பணியாற்றியமை தலைநகரில் தென்னக இசைக்குக் கிடைத்த பேறு.

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தன. மைசூர், திருவிதாங்கூர், புதுக்கோட்டை முதலிய அரசவைகள் அளித்துவந்த ஆதரவுக்கு ஈடாக வேறொன்று தேவைப்பட்டது. அப்பொறுப்பின் பெரும்பகுதியைக் குடியரசு ஏற்றது. அகில இந்திய வானொலியில் இசைக்கான தேசிய நிகழ்ச்சி 1952இல் தொடங்கிற்று. சங்கீத நாடக அகாடமி 1953 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பெற்றது. 1954ஆம் ஆண்டு இளைஞர்களைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பல்கலைக்கழகங்களிடையேயான முதல் இளைஞர் விழா தில்லியில் நடந்தது. அதே ஆண்டில் அகில இந்திய வானொலி தன் இசைப் போட்டியையும் தொடங்கியது. 16 முதல் 24 வயதுக்கு உட்பட்ட, வானொலியின் தரம் இன்னும் பெறாத இளைஞர்களுக்கெனவே அது வகுக்கப்பட்டது.

இவ்விரு ஏற்பாடுகளின் உட்பொருளை ஊன்றி நோக்க வேண்டும். விண்ணப்பத் தாளில் பெயர், வயது, பயிலும் வகுப்பு, பாடும் இசை முறை ஆகியன கேட்கப்பட்டன. குலமும் குடும்பமும் கேட்கப்படவில்லை. அரசவையில் பரிந்துரைக்கு இருந்த இடத்தை இப்போது விண்ணப்பம் பெற்றது. போட்டியின் சமுதாயப் பயன் இதில்தான் அடங்கியுள்ளது.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி நிலையில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். 1958இல் கேரள மாநிலப் பள்ளி இளைஞர் விழாவில் சாஸ்திரீய வாய்ப்பாட்டில் முதலிடம் பெற்ற மாணவர் கே. ஜே. ஏசுதாஸ். அவர் கொச்சியில் நாடக நடிகர் ஒருவரின் மகனாகக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அதே விழாவில் மிருதங்கத்தில் முதலிடம் பெற்ற மாணவர் பி. ஜெயச்சந்திரன். பின்னாளில் இவரும் பாடகராகவே நாடறியப் பெற்றார். பரிசு ஒருவருடைய எதிர்காலத்தை முன்கூட்டி உரைப்பதில்லை என்பதையும், வாயில் திறந்திருந்தால் எதிர்பாராதவர்களும் உள்ளே வருவர் என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

விதிகள் கூறுவன

1925இல் தோன்றிய பல்கலைக்கழகங்களிடை வாரியமே 1973 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என வழங்குகிறது. இச்சங்கம் நடத்தும் இளைஞர் விழாக்கள் படிப்படியாக அமைந்தவை. கல்லூரியில் தேர்வு, பல்கலைக்கழக அளவில் தேர்வு, பின்னர் மண்டல விழா, இறுதியாகத் தேசிய விழா என மாணவர் ஏறிச்செல்ல வேண்டும். வயது வரம்பு 25.

சாஸ்திரீய வாய்ப்பாட்டுக்கான விதிகள் சுருக்கமானவை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரே பாடலாம். பாடும் நேரம் 15 நிமிடம். மேடையில் அமர்ந்து வாத்தியங்களைச் சேர்த்துக்கொள்ள அதிக அளவாக 5 நிமிடம். பக்கவாத்தியக்காரர் இருவருக்கு மேற்படக் கூடாது. திரைப்பாடல் கூடாது. இந்துஸ்தானி முறையிலோ கர்நாடக முறையிலோ பாடலாம். சுரம், தாளம், இராகத் தேர்வு, உருப்படி, பொதுவான தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு நடுவர்கள் மதிப்பெண் வழங்குவர். வாத்தியங்களுக்கும் இவ்வாறே தனிப் போட்டிகள் உள்ளன; வயலின், வீணை, நாகசுரம் போன்ற சுர வாத்தியங்கள் ஒரு பிரிவாகவும், மிருதங்கம், தபலா, தவில் போன்ற தாள வாத்தியங்கள் மற்றொரு பிரிவாகவும் அமைகின்றன.

விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் அவ்விதிகளை நிறைவேற்றுவதற்கான வசதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இது பின்னர் விளக்கப்படும்.

பதினைந்து நிமிடத்தின் பங்கீடு

கர்நாடக இசைக் கச்சேரி இரண்டரை மணி நேரம் நிகழ்வது. அதன் நடுநாயகமான உருப்படி ஒன்றே முக்கால் மணி நேரத்தைக் கடந்துவிடும். அதனைக் கேட்டு வளர்ந்த மாணவர், 15 நிமிடத்திற்குள் வர்ணம், சிறு கீர்த்தனை, பெரிய கீர்த்தனை, துக்கடா அனைத்தையும் அடைக்க முயல்வதுண்டு. கச்சேரியைச் சுருக்கினால் போட்டிப் பாட்டு ஆகிவிடாது. ஓர் இராகம், ஓர் உருப்படி, அவ்வுருப்படியில் ஓரிடத்தில் நிரவல் அல்லது கற்பனைச் சுரம் என்ற அளவே இந்நேரத்துக்குப் பொருந்துவது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இராக ஆலாபனைக்கு 4 நிமிடம். வயலின் வாசிப்பவர் அதனைத் தொடர்ந்து வாசிக்க ஒரு நிமிடம். கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்கு 6 நிமிடம். சுரத்துக்கு 3 நிமிடம். எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு நிமிடம். இந்தப் பங்கீட்டை வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பல நாள் பாடிப் பழக வேண்டும். மணியடித்த பிறகு அவசரமாக முடிக்கப்பெறும் சுரக் கோவை, அதற்குமுன் பாடிய நல்ல ஆலாபனையின் நினைவையும் கெடுத்துவிடும்.

இராகத் தேர்வில் மாணவர்கள் இருவகைப் பிழை செய்கின்றனர். சிலர் தோடி, பைரவி போன்ற பேரிராகங்களை எடுத்துக்கொள்கின்றனர். அவற்றின் கமகங்கள் கைவரப் பல்லாண்டுகள் வேண்டும். நான்கு நிமிடத்தில் அவற்றின் வடிவத்தைக் காட்டுவதற்கு முதிர்ந்த அனுபவம் வேண்டும். வேறு சிலர் நடுவரை வியக்கச் செய்யும் எண்ணத்தில் விவாதி மேளங்களை நாடுகின்றனர். அபூர்வ இராகத்தில் ஒரு சுரம் பிசகினாலும் இராகமே காணாமற் போய்விடும். மோகனம், இந்தோளம், கல்யாணி போன்றவை முதற் பிடியிலேயே இராகத்தை அறிவித்துவிடக் கூடியவை. பாடுவோரின் குரலும் சுருதிச் சுத்தமும் அவற்றில் மறைவின்றி வெளிப்படும்.

வடபுலத்தில் பாடும் மாணவருக்கு மற்றொரு வசதியும் இதில் உண்டு. மோகனத்தின் சுரங்கள் பூப் இராகத்திலும், இந்தோளத்தின் சுரங்கள் மால்கௌன்ஸிலும், கல்யாணியின் சுரங்கள் யமனிலும் உள்ளன. இந்துஸ்தானி இசையில் தேர்ந்த நடுவர் இவற்றைக் கேட்டவுடன் இனங்கண்டுகொள்வார். ஆயினும் அவரை மகிழ்விப்பதற்காகக் கல்யாணியை யமனைப் போல் பாட முற்படுவது தவறு. சுரங்கள் ஒன்றாயினும், அசைவும் நிறுத்தமும் வேறு. மாணவர் தாம் கற்ற வழியில் நின்று பாடுவதையே தேர்ந்த நடுவர் விரும்புவார்.

காலப்பிரமாணம் அடுத்த செய்தி. மேடையேறியவுடன் ஏற்படும் படபடப்பினால் கீர்த்தனையை வழக்கத்தைவிட விரைவாக எடுத்துவிடுவது இளைஞர்களின் இயல்பு. சரணத்துக்கு வரும்போது சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்; சுரம் பாடும்போது மூச்சு போதாது. எடுப்பை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, கையில் தாளத்தை நிறுத்திய பின்னரே பல்லவியைத் தொடங்குதல் நலம்.

சாகித்தியத்தின் சொற்சுத்தத்தைத் தில்லியில் வளர்ந்த மாணவர்கள் தனியே கவனிக்க வேண்டும். தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்போர் வல்லின வேறுபாடுகளை இழக்கின்றனர். தேவநாகரியில் எழுதிப் படிப்போர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகளை இழக்கின்றனர். பொருள் தெரியாமல் பாடினால் சொல்லை உடைக்கக் கூடாத இடத்தில் உடைக்க நேரும். கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் போன்றோரின் தமிழ் உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு இவ்விடர் குறைவு. சொல்லின் பொருளுணர்ந்து நிரவல் செய்யும் வாய்ப்பும் அதிகம். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது எழுந்த வாதங்களுள் இதுவும் ஒன்று: பாடுவோரும் கேட்போரும் பொருளுணர்ந்த மொழியில் இசை நிகழ வேண்டும் என்பது.

தலைநகர் மாணவரின் இடர்ப்பாடுகள்

சென்னையிலோ திருச்சியிலோ பயிலும் மாணவருக்குப் பக்கவாத்தியம் ஒரு பெருங்கேள்வி ஆவதில்லை. உடன் பயில்வோருள் வயலின் கற்றவர் ஒருவரும் மிருதங்கம் கற்றவர் ஒருவரும் கிடைத்துவிடுவர். தில்லியில் நிலைமை வேறு. கர்நாடக இசை பாடும் மாணவர் ஒரு கல்லூரியிலும், மிருதங்கம் பயின்றவர் நகரின் மறுகோடியில் உள்ள மற்றொரு கல்லூரியிலும் இருப்பர். வயலின் வாசிப்பவர் பொறியியல் வகுப்பில் பயின்றுகொண்டிருப்பார். அவருடைய தேர்வும் போட்டி நாளும் ஒரே வாரத்தில் வரும்.

மிருதங்கம் கிடைத்தாலும் இடர் தீர்வதில்லை. ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரலுக்குத் தக்கு சுருதி மிருதங்கம் வேண்டும். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அளவில் சிறிய ஹெச்சு சுருதி மிருதங்கம் வேண்டும். இரவல் வாங்கிய மிருதங்கம் பாடுவோரின் சுருதிக்குச் சேராவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதனைச் சேர்த்துவிட இயலாது. தில்லியின் குளிரும் வறட்சியும் தோலின் இறுக்கத்தை மாற்றிவிடும். இடந்தலையில் ரவை பூசுவதற்கும் நேரம் வேண்டும். அனுபவம் மிக்கவர்கள் முறை வருவதற்கு நெடுநேரம் முன்பே அரங்கின் பின்புறத்தில் இவற்றை முடித்துக்கொண்டு, மேடையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை இறுதித் திருத்தத்திற்கு மட்டுமே வைத்துக்கொள்வர்.

தம்பூராவைப் பொறுத்தவரை இடர் குறைந்துள்ளது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அவர் பொறியியலும் புல்லாங்குழலும் கற்றவர். இரயில் பயணத்தில் தம்பூராவைச் சுமந்து செல்ல இயலாத மாணவர் பலருக்கு அக்கருவி பேருதவியாயிற்று.

மற்றோர் இடர் ஊழியர் குடும்பங்களுக்கே உரியது. தந்தைக்கோ தாய்க்கோ மாற்றல் ஆணை வந்தவுடன் பிள்ளையின் பள்ளி மாறும். இசை ஆசிரியரும் மாறுவார். ஒரு குருவிடம் பாதி கற்ற கீர்த்தனையை மற்றொரு குருவிடம் வேறு பாடத்தில் மீண்டும் கற்க வேண்டிவரும். போட்டியில் அமர்ந்த நடுவருக்கு இரு பாடாந்தரங்களின் கலப்பு காதில் படும். அதன் காரணம் அவருக்குத் தெரியாது.

இவை எல்லாவற்றிலும் பெரிய இடர் விதியிலேயே உள்ளது. ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரே இடம்; இந்துஸ்தானியும் கர்நாடகமும் அந்த ஓர் இடத்துக்கே போட்டியிட வேண்டும். இந்துஸ்தானி பயில்வோர் மிகுதியாக உள்ள வடபுலப் பல்கலைக்கழகங்களில் கர்நாடக இசை மாணவர், தம் முறையில் பாடும் மற்றொரு மாணவரைப் போட்டியில் காண்பதே அரிது. தென்னகத்தில் பயிலும் இந்துஸ்தானி மாணவரின் நிலையும் இவ்வாறே. வானொலியின் போட்டியில் இரு முறைகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. 1995 முதல் விவேகானந்தர் பிறந்த நாளையொட்டி மத்திய அரசு பல்லாண்டுகள் நடத்திய தேசிய இளைஞர் விழாவிலும் இரண்டும் தனித்தனியே இடம்பெற்றன. பல்கலைக்கழக விழாவிலும் அவ்வாறு பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றன்று.

நடுவரின் பொறுப்பு

இரு இசை முறைகளையும் ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று. இந்துஸ்தானி கியால் பாடுவோர் மெதுவான காலத்தில் இராகத்தைப் படிப்படியாக விரித்துச் செல்வர். தாளச் சுற்றின் முதல் அடியாகிய சமத்தில் வந்து சேர்வதில் அவர்களுடைய திறமை விளங்கும். கர்நாடக முறையில் கட்டமைந்த கீர்த்தனையே நடுவிடம் பெறுகிறது. அதன் எடுப்பு பல உருப்படிகளில் சமத்தில் அமையாமல் சிறிது தள்ளியே அமையும். கியாலின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கீர்த்தனை பாடுபவர் மனோதர்மம் குறைந்தவராகத் தோன்றலாம். கீர்த்தனையின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கியால் பாடுபவர் சாகித்தியத்தைப் புறக்கணிப்பவராகத் தோன்றலாம். இரண்டு தீர்ப்பும் பிழை. ஆகவே நடுவர் குழுவில் இரு முறைகளிலும் பயிற்சியுடையோர் இருத்தல் இன்றியமையாதது.

சுருதியையும் தாளத்தையும் ஓரளவு அளக்கலாம். சுருதி விலகியது, தாளம் தப்பியது என்பதில் கற்றோரிடையே கருத்து வேறுபாடு குறைவு. இராக பாவம், சாகித்திய பாவம் ஆகியவற்றில் இத்தகைய உறுதி இல்லை. அளக்கக் கூடியவற்றுக்கும் உணரக் கூடியவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வழங்கி, அதனைப் போட்டியாளருக்குத் தெரிவிப்பது நியாயத்துக்கும் பொருந்தும், கல்விக்கும் பயன்படும். பல போட்டிகளில் நடப்பது யாது? மூன்று பெயர்கள் வாசிக்கப்படுகின்றன, கைதட்டல் எழுகிறது, மற்றவர்கள் சுருதிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றனர். தாம் எங்கே தவறினோம் என்பதை அவர்கள் அறிவதே இல்லை.

போட்டி வேண்டாமெனும் கருத்து

இசையில் போட்டியே கூடாது என்று கருதுவோர் உண்டு. அவர்கள் கூறுவதிலும் உண்மை உண்டு. பரிசுக்காகவே பாடும் மாணவர் ஆண்டு முழுவதும் ஒரே இராகத்தையும் ஒரே கீர்த்தனையையும் மெருகேற்றிக்கொண்டிருப்பார். மனோதர்மமாகப் பாட வேண்டிய சுரங்களையும் எழுதி வைத்து மனப்பாடம் செய்வார். பத்துப் போட்டிகளில் பரிசு பெற்றவரை வேறொரு கீர்த்தனை பாடும்படி கேட்டால் திகைத்துவிடுவதும் உண்டு.

தில்லியிலேயே இக்கேள்விக்கு வேறொரு விடையும் உருவாயிற்று. 1977இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக்மெக்கே இயக்கம், மாணவர்களைப் போட்டியில் நிறுத்துவதை விடுத்துப் பெருங்கலைஞர்களைக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் அழைத்து வந்தது. வகுப்பறையிலும் விடுதிக் கூடத்திலும் தரையில் அமர்ந்து மாணவர்கள் அவர்களைக் கேட்டனர். பாடத் தெரியாதவர்களும் நல்ல இசையைக் கேட்கும் வாய்ப்பை அது அளித்தது.

இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கேட்பதனால் செவி வளர்கிறது. போட்டிக்குத் தயார் செய்வதனால், தெரிந்ததைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில், அறிமுகமற்றோர் முன் நிறைவாகச் செய்து காட்டும் ஒழுங்கு உண்டாகிறது. வேதியியலோ வணிகவியலோ பயிலும் மாணவருக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே பெருமேடை இதுவாகவும் இருக்கலாம். அவருள் பலர் பாடகராகப் போவதில்லை. ஆயினும் ஓர் உருப்படியை ஆறு மாதம் உழைத்துச் செம்மையாகப் பாடியவர், பின்னர் அலுவலகத்தில் அமர்ந்தாலும் தேர்ந்த இரசிகராக விளங்குவார். நாளை தலைநகரின் சபாக்களில் இருக்கைகளை நிரப்பப் போகிறவரும், தம் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிவைக்கப் போகிறவரும் அவரே.

போட்டிக்குப் பின்

ஆதலால் ஒரு போட்டியின் பயனைப் பரிசு பெற்ற மூவரைக் கொண்டு மதிப்பிடுவது போதாது. எத்தனை பேர் அதில் நுழைய முடிந்தது, நுழைந்தவர்கள் எதைக் கற்றுத் திரும்பினர் என்பவையே சரியான அளவுகோல்கள்.

தொடர்ந்து பயில விரும்புவோருக்கு அரசின் வழியில் சில படிகள் உள்ளன. 1979இல் நிறுவப்பெற்ற கலாசார வள ஆதார, பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தை 1982 முதல் நடத்தி வருகிறது. 18 முதல் 25 வயதுள்ள இளங்கலைஞர்கள் குருவிடம் உயர்நிலைப் பயிற்சி பெறுவதற்காக, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் கலாசார அமைச்சகத்தால் வகுக்கப்பட்டுள்ளது. வானொலியின் குரல் தேர்வு மற்றொரு வாயில். 2006இல் சங்கீத நாடக அகாடமி ஏற்படுத்திய உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருது, 40 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கு உரியது.

ஆயின் இப்படிகள் இருப்பதைப் பெரும்பாலான கல்லூரி மாணவர் அறிவதில்லை. போட்டி அரங்கிலேயே இவை பற்றிய விளக்கத் தாளை ஒவ்வொரு போட்டியாளருக்கும் வழங்கினால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

செய்யத்தக்கவை

கல்லூரிகளும் விழா நடத்துவோரும் மேற்கொள்ளத்தக்க சில ஏற்பாடுகள் கடினமானவை அல்ல. முதலாவது, ஒரு நகரில் உள்ள கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து வயலினும் மிருதங்கமும் வாசிக்கும் மாணவர்களின் பட்டியலைத் தயாரித்து வைக்கலாம். இருவகைச் சுருதிக்கும் உரிய மிருதங்கங்களை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இரு இசை முறைகளுக்கும் தனித்தனிப் போட்டி வைப்பதற்கு விதிகளைத் திருத்தலாம். மூன்றாவது, ஒவ்வொரு போட்டியாளருக்கும் மதிப்பெண் விவரத்துடன் நடுவரின் இரண்டு வரிக் குறிப்பையும் தரலாம். நான்காவது, அவர் பாடியதை ஒலிப்பதிவு செய்து அவருக்கே வழங்கலாம். தம் குரலைத் தாமே கேட்பதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஐந்தாவது, சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவருக்கும் அவருடைய பக்கவாத்தியக்காரர் இருவருக்கும் பயணச் செலவை முன்கூட்டியே அளிக்கலாம். பின்னர் திருப்பித் தரப்படும் தொகை, முதலில் கையில் பணமில்லாதவருக்குப் பயன்படாது. நாகசுரமும் தவிலும் பயிலும் மாணவருள் பலர் சிற்றூர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை விழா நடத்துவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. போட்டிக்கெனப் புதிதாக ஒன்றைக் கற்காமல், குருவிடம் முன்னரே நன்றாகப் பாடம் செய்த உருப்படிகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். குருவின் ஒப்புதலைப் பெற்றபின்னரே பெயர் கொடுக்க வேண்டும். பக்கவாத்தியம் வாசிப்பவருடன் குறைந்தது மூன்று முறையாவது முழுதும் பாடிப் பார்க்க வேண்டும். தம் முறை முடிந்தவுடன் வெளியேறிவிடாமல் மற்றவர்கள் பாடுவதையும் அமர்ந்து கேட்க வேண்டும். ஒரே நாளில் பல குருமார்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதில்லை.

லோதி ரோட்டை அடுத்த குடியிருப்புகளில் மாலை நேரங்களில் இசை பயிலும் பிள்ளைகள் அனைவரும் மேடைக் கலைஞர்களாகிவிட மாட்டார்கள். அவ்வாறு ஆக வேண்டுமென்பதும் இல்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் கல்லூரி அறிவிப்பைக் கண்டு பெயர் கொடுக்க முன்வரும்போது, மிருதங்கம் கிடைக்காமையாலோ, பயணச் செலவு இன்மையாலோ, தம் முறையில் தேர்ந்த நடுவர் இல்லாமையாலோ அவர் பின்வாங்க நேரக் கூடாது. 1954இல் திறக்கப்பெற்ற வாயில் அகலமானது. அதனுள் நுழைவதற்கான படிகளையும் அதற்கேற்ப அமைத்துத் தருவது கல்லூரிகளின் கடமை. அரசின் கடமையும் ஆகும்.